திருத்தணி கிராண்ட் பிரீ

பந்தயத் தடம் கட்டுவதற்குப் பல நூறு கோடி ஆகும் என்று புலம்புகிறவர்கள் ஒருமுறை திருவள்ளூர் மாவட்டத்துக்கு வந்துவிட்டுப் போகலாம். பைசா செலவில்லாமல் இங்கே ஒரு தடம் ஓடிக்கொண்டிருக்கிறது. திருவள்ளூரைத் தாண்டியதும் ஆரம்பம். கனகம்மாசத்திரம் வழியாகத் திருத்தணியைத் தொட்டு, பொன்பாடி சோதனைச்சாவடியில் முடிவு. அரசாங்க ஏட்டில் சென்னை–திருப்பதி நெடுஞ்சாலை என்று ஒரு பெயர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தப் பெயரை யாரும் மதிப்பதில்லை. தடத்தில் சகல வசதியும் உண்டு. பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் உண்டு. எதிர்த்திசையில் நிதானமாக வரும் மொபெட் உண்டு. எருமை உண்டு. ஓரத்தில் வெறுங்காலோடு, தோளில் காவடியோடு நடக்கும் பார்வையாளர்களும் உண்டு. அவர்கள் பந்தயம் பார்க்க வந்தவர்கள் இல்லை, முருகனையும் ஏழுமலையானையும் பார்க்கப் போகிறவர்கள் என்பதெல்லாம் சில்லறை விஷயம்.

திருத்தணிக்காக ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடினார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று ஊர் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. வேங்கடம்வரை கேட்டவர்களுக்குத் தணிகையாவது மிஞ்சியது என்று ஒரு தலைமுறையே ஆறுதல் பட்டுக்கொண்டது. அவர்கள் அவ்வளவு பாடுபட்டு வாங்கித் தந்த எல்லைக்கோடு இப்போது ஃபினிஷ் லைனாகப் பயன்படுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நகரி. வேறு மாநிலம், வேறு போலீஸ். நம் வீரர்களுக்குத் தெரிந்த புவியியல் இவ்வளவுதான்.

வீரர் யார்? பெயர் வேண்டாம், டர்போ தம்பி என்று வைத்துக்கொள்வோம். அம்பத்தூரில் ஒருவர், ஆவடியில் இருவர், பைபாஸ் ஓரம் மனை விற்று மாடி வீடு கட்டிய புரோக்கர் குடும்பத்தில் ஒருவர் என்று பரவலாகக் கிடைப்பார். வைத்திருப்பது ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.டி.ஐ. ஜெர்மன்காரன் இந்தியாவில் விற்ற சின்ன டீசல் கார்களில் உண்மையிலேயே உயிருள்ள வண்டி, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஒன்றரை லிட்டர் இன்ஜின், சுமார் 110 குதிரைசக்தி, 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இரண்டாயிரம் ஆர்.பி.எம். தாண்டினால் முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்தும். பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்ததும், 2020 ஏப்ரலோடு அந்த கம்பெனி இங்கே டீசலையே நிறுத்திவிட்டது. அதனால் இருக்கிற பழைய வண்டிக்கு மவுசு கூடிவிட்டது.

வாங்கியதும் முதல் வேலையாகத் திருத்தணி மலைக்கு ஓட்டி வந்து பூஜை போட்டார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பானெட்டில் சந்தனம் குங்குமம், கண்ணாடியில் வேல் ஸ்டிக்கர், திருஷ்டிப் பூசணிக்காய். விபத்து ஒன்றும் வரக்கூடாது என்று குருக்கள் வேண்டிக்கொண்டார். தட்டில் ஐந்நூறு ரூபாய் விழுந்தது. குருக்கள் வேண்டியதைக் கலைப்பதற்கான இரண்டாவது வேலை மறுவாரமே நடந்தது. சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒரு வயரைச் செருகி லேப்டாப்பைத் திறந்தார்கள். கம்பெனி இன்ஜினியர்கள் எழுதி வைத்த கணக்கு போனது, ஒர்க்‌ஷாப்காரர் கணக்கு ஏறியது. டர்போ அழுத்தத்தைக் கூட்டு, டீசலை இன்னும் கொஞ்சம் பீச்சு. இதற்குப் பெயர் ரீமேப், ஸ்டேஜ் ஒன். முப்பது நாற்பதாயிரம் ரூபாய். 110 குதிரை 140ஐ நெருங்கும், முறுக்குவிசை 300ஐத் தாண்டும். அடுத்த மாதம் டவுன்பைப் என்கிற அகலமான புகைக்குழாய், அதற்கடுத்த மாதம் புகையை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வுக்கு அடைப்பு. தகப்பனார் கேட்டால் மைலேஜ் கூடும் என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. மற்றவர்கள் கேட்டால் வேறு பதில்.

“டிராக் டேவுக்குண்ணா.”

பணம் கட்டிச் சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள் என்று அர்த்தம். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு அயோக்கியத்தனம் நடக்கிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது. டிராக் ஒன்றும் டர்போ தம்பிக்கு எட்டாத தூரத்தில் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது, திருத்தணியிலிருந்து ஒன்றரை இரண்டு மணி நேரம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் திறந்த தடம், 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்னால் பந்தயம் நடந்தது நம் திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில். கோயம்புத்தூருக்குப் போனால் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. வாகனப் பந்தயத்துக்கு இந்தியாவில் ஒரு தாய்வீடு உண்டென்றால் அது தமிழ்நாடுதான். நரேன் கார்த்திகேயன் இங்கிருந்து கிளம்பி 2005இல் ஃபார்முலா ஒன்வரை போனார். டீசல் என்றால் இளக்காரமும் இல்லை. 2006இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஆடியின் டீசல் கார்தான் வென்றது. 2010இல் நம் நாட்டில் நடந்த போலோ கப்பில் ஓடியதும் டீசல் போலோதான்.

ஆனால் தம்பி இருங்காட்டுக்கோட்டைக்குப் போகமாட்டார். காரணம் எளிது. அங்கே போனால் வண்டியைப் பரிசோதிப்பார்கள். டயரைத் தட்டிப் பார்ப்பார்கள், பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்பார்கள், உருப்படியான ஹெல்மெட் இல்லையென்றால் வெளியே நில் என்பார்கள். தம்பியின் வண்டியில் டயர் நாலு வருடப் பழசு. பிரேக் பேடு கம்பெனியிலிருந்து வந்தது. பின்சக்கரத்தில் இன்னமும் டிரம் பிரேக். பாய்வதற்கு ஐம்பதாயிரம் கொட்டியவர் நிற்பதற்கு ஐந்தாயிரம் செலவழிக்கவில்லை. பிரேக் பேடைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டால் யார் லைக் போடுவார்கள்? அப்படியே உள்ளே விட்டாலும் நாலாவது சுற்றில் பிரேக் சூடேறி, மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதைவிடப் பெரிய ஆபத்து கடிகாரம். அது பொய் சொல்லாது. வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே திருப்புவது என்று தெரிந்த ஒரு கல்லூரிப் பெண் பழைய பெட்ரோல் ஸ்விஃப்டில் வந்து தம்பியைக் கடந்து போய்விடுவாள். மானம் போகும்.

நெடுஞ்சாலையில் அந்த அவமானம் இல்லை. அங்கே போட்டியாளர் டி.வி.எஸ். எக்ஸெல்லில் வெண்டைக்காய் மூட்டையோடு போகும் அறுபது வயதுப் பெரியவர். இரண்டாவது போட்டியாளர் 47 பேரை ஏற்றிக்கொண்டு முனகும் அரசுப் பேருந்து. இருவரையும் ஜெயித்துவிட்டு, ஸ்பீடோமீட்டர் 160 காட்டுவதைப் பக்கத்து சீட்டு நண்பன் படம் பிடிக்க, பின்னணியில் ஒரு பாட்டு. இதுதான் டிராக் டே.

டிராக்கில் ஓட்டுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் உயிரின் விலை தெரிந்தவர்கள். ஒரே திசை, கொடியோடு மார்ஷல், காத்திருக்கும் ஆம்புலன்ஸ், தடத்தை விட்டு விலகினால் தாங்குவதற்குக் காலியிடம் என்று எல்லாம் இருந்தும், 2023 ஜனவரியில் மூத்த பந்தய வீரர் கே.ஈ.குமார் இருங்காட்டுக்கோட்டையிலேயே உயிரை விட்டார். அத்தனை காவல் இருக்கும் இடத்திலேயே சாவு வந்து நிற்கும் என்பதால்தான் அத்தனை காவல். நம் தம்பி தடத்தின் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காவலை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

பின்கண்ணாடியில் அஜித் ஸ்டிக்கர் வேறு. அந்த மனிதர் 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனார். பயிற்சியின்போது கார் தடுப்பில் மோதிச் சுழன்று நின்றது. கதவைத் திறந்து இறங்கி நடந்து வந்தார். காருக்குள் இரும்புக் கூண்டு, உடம்பில் பெல்ட், தலையில் ஹெல்மெட், எதிரே தாங்குவதற்கென்றே வைத்த தடுப்பு. சில நாளில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. இவை எதையும் ரசிகர் எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டிக்கரை மட்டும் எடுத்துக்கொண்டார். ராமஞ்சேரிப் பக்கம் இவர் வண்டி தடம் மாறினால் தாங்குவதற்கு இருக்கும் தடுப்பு, இடுப்பில் பேரனைத் தூக்கிக்கொண்டு மொட்டை போடப் போகும் ஒரு பாட்டி.

ராமஞ்சேரி என்று சும்மா சொல்லவில்லை. 2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. அந்த ஊர் அருகே காரும் லாரியும் மோதி ஐந்து கல்லூரி மாணவர்கள் இறந்தார்கள். அந்த விபத்துக்கும் பந்தயத்துக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. இந்தச் சாலையின் குணம் என்ன என்பதற்காகச் சொல்கிறேன். ஐந்து வீடுகளில் இழவு விழுந்தது. இரங்கல் அறிக்கைகள் வந்தன. சரியாக இருபதாவது நாள், ஆகஸ்ட் 31 அன்று, சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் தொடங்கியது. மூன்றரை கிலோமீட்டர் தடம். நேப்பியர் பாலம் ஜொலித்தது. சிவானந்தா சாலைக்கு அப்படி ஒரு தார் அதற்கு முன் வாய்த்ததில்லை. அரசு ஒதுக்கிய 42 கோடி ரூபாய் பற்றி நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ. வந்து பார்த்துப் பாதுகாப்புச் சான்று கொடுத்த பிறகுதான் ஓட்டலாம் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சான்று வரத் தாமதமானதால் அன்று மாலைவரை மொத்த ஏற்பாடும் கைகட்டிக் காத்திருந்தது.

நல்லது. நான் பந்தயத்தை எதிர்க்கிற ஆள் இல்லை. நகரத்துப் பிள்ளைகள் பார்த்துக் களிக்கட்டும். என் கேள்வி ஒன்றுதான். பணம் கட்டி, பயிற்சி எடுத்து, கூண்டுக்குள் உட்கார்ந்து, விரும்பிப் போய் ஓட்டுகிற இருபத்துச் சொச்சம் பேருக்கு மூன்றரை கிலோமீட்டருக்கும் இரண்டு பக்கமும் தடுப்பும் வலையும் வைத்து, வெளிநாட்டு வல்லுநரை வரவழைத்துச் சான்றிதழ் வாங்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் நடக்கிற ஜனங்களுக்கு ஒரு முழ அகலத்தில் நடைபாதை போடத் தெரியாதா? தெரியும். நேப்பியர் பாலத்தில் கேமரா இருந்தது. கனகம்மாசத்திரத்தில் இல்லை.

பாதயாத்திரைக்காரர்களுக்காக அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம் வரும். பழனி வழியில் நடப்பவர்களின் முதுகிலும் பையிலும் போலீஸார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். வெளிச்சம் பட்டால் பளபளக்கும். பந்தயத் தடத்தில் இடிக்கக் கூடாத இடத்துக்குத்தான் இப்படி வண்ணம் அடிப்பார்கள். நம் மாநிலத்தில் அந்த வண்ணத்தை மனிதர்களுக்கே அடித்துவிட்டோம். இனி இடித்தவன் கண் தெரியவில்லை என்று சொல்ல முடியாது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். அலமாரி நிறைய இருக்கிறது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவு. கம்பெனி கொடுத்த வண்டியை இஷ்டத்துக்கு மாற்றினால் 52ஆம் பிரிவு. உற்பத்தியாளர் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அடித்துச் சொல்லியாயிற்று. கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று 2012லேயே சொல்லியாயிற்று. தம்பியின் காருக்குள் யார் இருக்கிறார் என்று இன்றைக்கும் வெளியிலிருந்து தெரியாது. ஹெல்மெட் போடாத கட்டடத் தொழிலாளியை மறித்து ஆயிரம் ரூபாய் ரசீது கிழிக்கிற அதே கைகள், கறுப்புக் கண்ணாடியும் ஃபேன்சி நம்பரும் கட்சிக்கொடியும் சேர்ந்து வந்தால் தானாகவே சல்யூட்டுக்குப் போய்விடுகின்றன.

புகைச் சான்றிதழ் கதை இன்னும் ருசியானது. டீசல் வண்டியை நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து, குழாயில் கருவியை நுழைத்துப் புகையின் அடர்த்தியை அளக்கவேண்டும். ரீமேப் போட்ட வண்டி மிதித்தவுடன் கறுப்பாகக் கக்கும். எரிவதற்குக் காற்று போதாத டீசல் வேறென்னவாக வெளியே வரும்? ஆகவே வண்டி சோதனை மையத்துக்குப் போவதில்லை. நம்பர் பிளேட்டின் படம் போகிறது, பணம் போகிறது, சான்றிதழ் வந்துவிடுகிறது. எந்த மையம் என்று கேட்காதீர்கள், எது இல்லை என்று கேட்டால் யோசித்துச் சொல்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த காரைச் செய்த ஃபோக்ஸ்வேகன் 2015இல் உலகம் முழுக்க அசிங்கப்பட்டது. சோதனைச்சாலையில் நல்ல பிள்ளையாகவும் சாலையில் புகை போக்கியாகவும் நடந்துகொள்ளும்படி இன்ஜின் மென்பொருளை எழுதியிருந்தார்கள். அமெரிக்காவில் பிடிபட்டார்கள். இந்தியாவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளைத் திருத்தித் தருவதாகச் சொன்னார்கள். 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆக, புகையை மறைக்க மென்பொருள் எழுதிய கம்பெனிக்கு 500 கோடி. புகையைக் கூட்ட மென்பொருள் எழுதும் ஒர்க்‌ஷாப்புக்கு ஜி.எஸ்.டி. இல்லாத ரொக்கம். ஜெர்மன்காரனுக்குத் திருட்டுத்தனமாகச் செய்யும் அளவுக்காவது வெட்கம் இருந்தது. இங்கே பானெட்டில் ஸ்டிக்கர் அடித்து ஒட்டிக்கொள்கிறார்கள்: ஸ்டேஜ் டூ.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012 ஜூனில் உறுதி செய்தது. புகையிலையை வைத்திருக்கும் அதே முதல் வகையில் இதையும் வைத்தது. அந்தக் கரும்புகை ஓட்டுகிறவர் மூக்குக்குப் போவதில்லை, அவர் ஏ.சி. போட்டுக் கண்ணாடியை ஏற்றியிருக்கிறார். அரோகரா என்று கத்துவதற்காக வாயைத் திறந்து, பின்னால் நடந்து வருகிறவன் நுரையீரலுக்குப் போகிறது. டெல்லியில் பத்து வருடமான டீசல் வண்டி ஓடக்கூடாது என்றார்கள். அங்கே ஆகாத வண்டி தடையில்லாச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போகலாம். டெல்லிக்காரன் நுரையீரலுக்கு இருக்கிற மரியாதை மற்றவர்களுடையதற்கு இல்லை போலும்.

தமிழ்நாட்டின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். அதில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். அந்த வருடம் நாடு முழுக்கச் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் சாவுக்கு மத்திய அரசின் அறிக்கை சொன்ன காரணம் அதிவேகம். நடந்து போய் இறந்தவர்கள் மட்டும் 32,825 பேர். போரில் இவ்வளவு பேர் செத்தால் அமைதி ஒப்பந்தம் போடுவார்கள்.

சூரனை வென்ற முருகன் கோபம் தணிந்து அமர்ந்த மலை இது. அதனாலேயே கந்த சஷ்டிக்குத் திருத்தணியில் சூரசம்ஹாரம் நடத்துவதில்லை. மலைமேல் விட்ட சம்ஹாரத்தை அடிவாரத்து நெடுஞ்சாலை வருடம் முழுக்க நடத்திக் காட்டுகிறது. வள்ளிமலை சுவாமிகள் நூறு வருடத்துக்கு முன் இங்கே டிசம்பர் 31 இரவுப் படித்திருவிழாவை ஏற்படுத்தினார். ஆங்கிலப் புத்தாண்டுக்கு விடிந்ததும் வெள்ளைக்காரத் துரைகளின் வீட்டு வாசலில் மாலையோடு நிற்காதே, முதலில் உன் துரையைப் போய்ப் பார் என்பது அவர் எண்ணம். இன்றும் அந்த இரவில் 365 படிக்கும் கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். ஏறுகிறவர்கள் பத்திரமாகத்தான் ஏறுகிறார்கள். அங்கே கார் வராது. அதற்கு முன்னும் பின்னும் சாலையைக் கடக்கும்போதுதான் புதுத் துரைமார்களுக்கு வழிவிட வேண்டியிருக்கிறது.

இவர்களைப் பிடித்தால் என்ன தண்டனை? பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டியதற்கு முதல் தடவை மூன்று மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம். அந்த ‘அல்லது’வில்தான் டர்போ தம்பியின் தைரியம் முழுவதும் இருக்கிறது. ரீமேப்புக்குக் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்பா ஜிபேயில் அனுப்பிவிடுவார்.

அதனால் அரசாங்கத்திடம் கேட்பதைவிட அந்த அப்பாக்களிடமே கேட்கிறேன். உங்கள் பிள்ளை டிராக் டேவுக்கு என்று சொல்லி வண்டிக்குச் செலவு செய்கிறானா? இருங்காட்டுக்கோட்டையில் பணம் கட்டிய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது இருந்தால் நல்ல ஹெல்மெட் ஒன்றும் பிரேக் பேடும் நீங்களே வாங்கிக் கொடுங்கள், போய்ப் பார்த்துக் கைதட்டிவிட்டும் வாருங்கள். ரசீது இல்லையென்றால் இன்று ராத்திரியே சாவியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஆடிக் கிருத்திகைக்கு அவனை அந்தச் சாலையில் நடக்கச் சொல்லுங்கள், திருவள்ளூரிலிருந்து.